ஜி.எஸ்.எம். கூடினால் தாள் தடிக்குமா? அச்சுச் சொற்கள் பற்றி ஓர் இழை

மார்ச் 2, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

என் புத்தகத்தின் முதல் பதிப்பு 80 ஜி.எஸ்.எம். தாளில் வந்தது. இரண்டாம் பதிப்பு கொஞ்சம் பருமனாக இருக்கட்டும் என்று 90 ஜி.எஸ்.எம். கேட்டேன். பக்கங்கள் அதே 240. வந்ததோ முதல் பதிப்பைவிட ஒல்லியான புத்தகம். அச்சகத்தார் என்னை ஏமாற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஜி.எஸ்.எம். கூடினால் தாள் தடிக்க வேண்டாமா?

மார்ச் 2, இரவு

வேண்டாம். ஜி.எஸ்.எம். என்பது எடை. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்வதில்லை. ஒரு கிலோ பஞ்சும் ஒரு கிலோ இரும்பும் நினைவுக்கு வருகின்றனவா? அதே கதைதான்.

எடையில் ஏமாற்றினாரா என்று வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. அச்சகத்தில் மிச்சமிருக்கும் வெற்றுத் தாளில் பத்தை வாங்கி, நீள அகலத்தை அளந்து, சமையலறைத் தராசில் வையுங்கள். மிச்சம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

தடிமனுக்கு வேறு அளவு இருக்கிறது: மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எடையையும் தடிமனையும் இணைக்கும் சொல் பல்க். தடிமனை மைக்ரானில் எடுத்து ஜி.எஸ்.எம்.மால் வகுத்தால் பல்க் கிடைக்கும். 80 ஜி.எஸ்.எம். தாளின் பல்க் 1.6 என்றால் தடிமன் 128 மைக்ரான். 90 ஜி.எஸ்.எம். தாளின் பல்க் 1.1 என்றால் தடிமன் 99 மைக்ரான்தான். 240 பக்கம் என்பது 120 தாள். முதல் புத்தகத்தின் உட்பகுதி சுமார் 15.4 மி.மீ., இரண்டாவது சுமார் 11.9 மி.மீ. எடை கூடியிருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 3

நேற்று 1.6 என்பதை ஏதோ எல்லாத் தாளுக்கும் பொதுவான எண் போல எழுதிவிட்டேன். அது நாவல்களுக்கு விரும்பி எடுக்கும் உப்பலான தாளின் கணக்கு. தாளை உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்க ஆக்க பல்க் குறையும். ஆர்ட் பேப்பரில் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழேயே போய்விடும், ஏனென்றால் அதன்மேல் பூசியிருப்பது களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும். தாள் என்ற பெயரில் பாதி மண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். புகைப்படப் புத்தகங்கள் கையை ஒடிப்பது அதனால்தான்.

இதில் நானே அடி வாங்கியவன். பழைய புத்தகம் ஒன்றின் முதுகை அளந்து பார்த்து, புதிய புத்தகத்துக்கும் அதே ஜி.எஸ்.எம்.தானே என்று 18 மி.மீ. முதுகு வைத்து அட்டையை வடிவமைத்துக் கொடுத்தேன். வந்த உட்பகுதி 14 மி.மீ. முதுகின் நிறம் முன்னட்டையில் ஒரு கோடாக வழிந்து நின்றது. தலைப்பு முதுகின் ஓரத்தில் விழப்போகிறவன் போலத் தொங்கியது. அன்றிலிருந்து டம்மி இல்லாமல் அட்டை செய்வதில்லை. டம்மி என்றால் அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில் அச்சில்லாமல் கட்டிய வெற்றுப் புத்தகம். கேட்டால் செய்து தருவார்கள். கேட்க வேண்டும்.

மார்ச் 4

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார்: அமெரிக்க இணையதளங்களில் 80 பவுண்டு தாள் என்கிறார்களே, அது எத்தனை ஜி.எஸ்.எம்.?

எந்த 80 பவுண்டு என்று திருப்பிக் கேட்க வேண்டும். புத்தக உள்தாளுக்கு 25க்கு 38 அங்குலத் தாள் 500 எடுத்து நிறுக்கிறார்கள். அட்டைக்கு 20க்கு 26 அங்குலத் தாள் 500. தராசு ஒன்று, தாளின் அளவு வேறு. அதனால் 80 பவுண்டு உள்தாள் சுமார் 118 ஜி.எஸ்.எம்., 80 பவுண்டு அட்டை சுமார் 216. ஏறத்தாழ இரண்டு மடங்கு. அலுவலகத் தாளை 17க்கு 22 அங்குலத்தில் நிறுப்பார்கள். அங்கே 20 பவுண்டு என்பது நம் 75 ஜி.எஸ்.எம். இந்த முறையைக் கண்டுபிடித்தவரைச் சந்தித்தால் சொல்லி அனுப்புங்கள், எனக்கு அவரோடு பேச வேண்டும்.

மார்ச் 4, சற்றுப் பின்

ரீம் என்றால் இன்று 500 தாள். முன்பு 480. 24 தாள் ஒரு குயர், 20 குயர் ஒரு ரீம். பழைய கணக்கேடுகளைப் படிப்பவர்கள் கவனிக்கவும். ரீம் என்ற சொல் அரபியில் கட்டு, மூட்டை என்று பொருள்படும் ரிஸ்மாவிலிருந்து வந்தது. மூட்டைக்குள் எத்தனை என்பதைப் பெயர் சொல்லவே இல்லை.

மார்ச் 6

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் உட்ஃப்ரீ பேப்பர். மரமே சேராத தாள் என்று எண்ணி, மரங்களைக் காப்பாற்றிய மனநிறைவோடு அதை வாங்கியவர்களை நான் அறிவேன். அதுவும் மரத்திலிருந்து வருவதுதான். மரத்தை அப்படியே அரைத்துக் கூழாக்கினால் அதில் லிக்னின் இருக்கும். வெயில் பட்டால் செய்தித்தாள் பழுத்துப் போவது அதனால். மரத்துண்டுகளை ரசாயனத்தில் வேகவைத்து லிக்னினைப் பெருமளவு நீக்கிய கூழில் செய்வது உட்ஃப்ரீ. அரைத்த மரக்கூழ் இல்லாத தாள் என்பதுதான் அந்தப் பெயரின் முழு நீளம். நடுவில் இருந்த சொற்கள் உதிர்ந்துவிட்டன.

மார்ச் 8

கிரெயின். இதைப் பற்றிப் பேசாமல் தாளைப் பற்றிப் பேசி என்ன பயன்?

தாள் எந்திரத்தில் கூழ் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்கின்றன, ஆற்றில் வைக்கோல் போல. தாள் காய்ந்த பிறகும் அந்தத் திசை அதற்குள் நிற்கிறது. நாரோடு மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். நாருக்குக் குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். மெல்லிய தாளில் அது வெறும் எரிச்சல். தடித்த அட்டையில் மடிப்பு வெடித்து, அச்சிட்ட நிறத்துக்குள்ளிருந்து வெள்ளைக் கீறல் தெரியும்.

நான் முதன்முதலில் தனியாகப் பொறுப்பேற்ற வேலை ஒரு மடிப்பு அட்டை. முழுக்க அடர்நீலம். தாளை வீணாக்காமல் வெட்ட வேண்டும் என்று அச்சகம் அட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஒரு தாளில் கூடுதலாக இரண்டு அட்டை கிடைத்தது, அத்தனை அட்டையிலும் மடிப்பு வெடித்தது. அவர்கள் நீல மார்க்கர் பேனாவால் மடிப்பை ஒவ்வொன்றாகத் தீட்டித் தந்தார்கள். அந்தப் பேனாவின் நீலமும் அச்சின் நீலமும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோபம் எனக்கு அவர்கள்மேல்தான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது: நான் கொடுத்த வேலைத்தாளில் கிரெயின் எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. மடிப்பு விழும் இடத்தில் முன்கூட்டியே பள்ளக்கோடு அழுத்தும் கிரீசிங் வேண்டும் என்றும் எழுதவில்லை.

கண்டுபிடிப்பது எளிது. தாளைக் கிழியுங்கள். நாரோடு கிழித்தால் கோடு ஓரளவு நேராகப் போகும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். அல்லது சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். அது குழலாகச் சுருளும். குழல் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் கிரெயின். ஈரம் பட்ட நார் நீளத்தில் அதிகம் வளராது, பக்கவாட்டில் பருக்கும். சுருள்வது அதனால்தான்.

மார்ச் 9

மேலே சொன்னதில் புத்தகத்தை விட்டுவிட்டேன். புத்தகத்தில் கிரெயின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விரித்த இடத்தில் படுக்காமல் விறைத்து நிற்கும். பசையின் ஈரத்தில் முதுகோரம் அலையலையாக நெளியும். உங்கள் அலமாரியில் திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும் புத்தகம் ஒன்று இருக்கும். ஒரு பக்கத்தை வளைத்துப் பாருங்கள்.

மார்ச் 11

ஆஃப்செட் அச்சில் மை பின்பக்கம் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் அதற்கு ஆஃப்செட் என்று பெயரா என்று ஒரு கேள்வி வந்திருக்கிறது. நல்ல ஊகம், தவறான ஊகம். அடுக்கிய தாளில் ஈரமான மை மேல்தாளின் முதுகில் ஒட்டுவது செட்-ஆஃப். சொல்லின் இரண்டு பாதிகளையும் இடம் மாற்றிப் போட்டால் ஒன்று அச்சுமுறை, மற்றொன்று அச்சுப்பிழை. செட்-ஆஃப் வராமலிருக்க, தாள்களுக்கிடையே மிக நுண்ணிய மாவுத்தூளைத் தூவுவார்கள். புதுப் புத்தகத்தைத் தடவும்போது விரலில் லேசாக நறநறப்பது அந்தத் தூள்.

ஆஃப்செட் என்ற பெயர் வந்தது, அச்சுத் தகடான பிளேட்டில் உள்ள மை நேரே தாளுக்குப் போகாமல் முதலில் ரப்பர் போர்வைக்குப் போய், அங்கிருந்து தாளுக்கு இறங்குவதால். 1904இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர் எந்திரத்தில் தாள் வைக்கத் தவறியபோது படம் ரப்பர் உருளையில் பதிந்துவிட்டது. அடுத்த தாளின் பின்பக்கம் அந்த ரப்பரிலிருந்து இறங்கிய படம், நேரடியாக அச்சானதைவிடத் தெளிவாக இருந்தது. கைத்தவறைத் திட்டாமல் உற்றுப் பார்த்தவர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ரப்பரைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பேன்.

மார்ச் 13

எழுத்துக்கு வருவோம். இரண்டு எழுத்துருக்களை 11 பாயின்டில் வைத்தால் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிகிறது, மென்பொருளில் பிழையா என்று கேட்கிறீர்கள். பிழை இல்லை. பாயின்ட் என்பது எழுத்தின் உயரத்தை அளப்பதே அல்ல. ஈய எழுத்துக் காலத்தில், எழுத்து நின்ற உலோகக் கட்டையின் உயரம் அது. கட்டைக்குள் எழுத்தைப் பெரிதாக வார்ப்பதும் சிறிதாக வார்ப்பதும் வடிவமைத்தவரின் இஷ்டம். கட்டை போய்விட்டது, அதன் அளவு மட்டும் இன்னும் கணினிக்குள் வாழ்கிறது. ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட்.

வரிக்கும் வரிக்கும் இடையே செருகிய ஈயப் பட்டைதான் லெடிங். ஈயத்துக்கு ஆங்கிலத்தில் லெட். நான் எட்டு ஆண்டுகள் இதை லீடிங் என்றே சொல்லிவந்தேன். யாரும் திருத்தவில்லை. ஒரு முதிய அச்சுக்கோப்பாளர் மட்டும் ஒவ்வொரு முறையும் லேசாகச் சிரிப்பார். மரியாதைக்காகச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

10க்கு 14 என்று சொன்னால் எழுத்து 10 பாயின்ட், ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை 14 பாயின்ட். ஆங்கிலத்துக்கு 10க்கு 12 போதும் என்று படித்துவிட்டு அதையே தமிழுக்கு வைக்காதீர்கள். ‘கூ’வின் வாலும் ‘கீ’யின் சுழியும் அடுத்தடுத்த வரிகளிலிருந்து ஒன்றையொன்று பிராண்டும்.

மார்ச் 14

72 என்று தட்டையாகச் சொன்னதற்கு ஒரு திருத்தம். அது கணினி வந்த பிறகு வழவழப்பாக்கிய எண். அமெரிக்க, பிரிட்டிஷ் ஈய எழுத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 72.27 பாயின்ட். பிரெஞ்சுக்காரர்களின் டிடோ பாயின்ட் இன்னும் பெரியது, சுமார் 0.376 மி.மீ.; கணினியின் பாயின்ட் 0.353 மி.மீ. பழைய ஐரோப்பியப் புத்தகம் ஒன்றை அப்படியே மறுபதிப்புச் செய்ய முயன்று, அடுத்த பக்கத்தின் முதல் வரி முந்தைய பக்கத்துக்கு ஏறிக்கொண்டே இருந்தபோது இதைக் கற்றேன். எழுத்து, வரி, ஓரம் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்த பிறகு, பாயின்டே வேறு என்று தெரிந்தது.

மார்ச் 14, இரவு

எம் என்ற அச்சு அளவு, ஆங்கில M எழுத்தின் அகலம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. பாயின்ட் அளவு எத்தனையோ அதுதான் எம். 10 பாயின்டில் ஓர் எம் 10 பாயின்ட். M எழுத்து பெரும்பாலும் அதைவிடச் சற்று ஒல்லிதான். ‘என்’ (en) என்ற அளவு அதில் பாதி.

மார்ச் 17

விதவை வரி, அநாதை வரி. ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியே நின்றால் விதவை. முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் நின்று மற்றவை அடுத்த பக்கம் போய்விட்டால் அநாதை. இப்படித்தான் நான் பழகினேன்.

(மறுநாள் சேர்த்தது: இரண்டு பேர் எனக்கு நேரெதிராகப் பழகியிருக்கிறார்கள். மூன்றாமவருக்கு, பத்தியின் இறுதியில் ஒற்றைச் சொல் மட்டும் தொங்கினால் அதுதான் விதவை. கையேடுகளைப் புரட்டினால் எல்லோருக்கும் ஆதரவு இருக்கிறது. ஆகவே மெய்ப்புத் திருத்தும்போது அந்தப் பெயர்களை எழுதாதீர்கள். ‘பக்கத் தலையில் ஒற்றை வரி, உள்ளே தள்ளவும்’ என்று எழுதுங்கள். பெயர்கள் எனக்குப் பிடித்தவையும் அல்ல. தனித்த வரி என்று சொன்னால் என்ன குறைந்துவிடப்போகிறது?)

மார்ச் 18

ப்ளீட்: படமோ நிறமோ தாளின் விளிம்பு வரை போக வேண்டுமானால் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டிக் கொடுப்பது. வெட்டும் கத்தி ஒரு மயிரிழை விலகினாலும் வெள்ளை தெரியாமலிருக்க. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

மார்ச் 20

படம் 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்க வேண்டும் என்பது சட்டம் போல ஆகிவிட்டது. எங்கிருந்து வந்தது அந்த 300? அச்சில் சாம்பல் நிறம் கிடையாது. சிறிதும் பெரிதுமான புள்ளிகள்தான் கண்ணை ஏமாற்றுகின்றன. நல்ல தாளில் அங்குலத்துக்கு 150 புள்ளி வரிசை என்று வையுங்கள். படத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் பாதுகாப்பு என்பது கைக்கணக்கு. 150ஐ இரண்டால் பெருக்கினால் 300. மை ஊறிப் பரவும் செய்தித்தாளில் 85 முதல் 100 வரிசைதான், அங்கே 200 போதும். படமல்லாத கோட்டோவியத்துக்கோ 300 போதவே போதாது. 1200 கொடுங்கள், இல்லையென்றால் விளிம்பு படிக்கட்டாகத் தெரியும்.

இணையத்தில் எடுத்த சிறுபடத்தை மென்பொருளில் திறந்து, 72 என்ற எண்ணை அழித்து 300 என்று தட்டி அனுப்புகிறவர்களுக்கு: பாலில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குடத்தின் மேல் ‘பசும்பால்’ என்று எழுதுகிறீர்கள்.

மார்ச் 22

கறுப்பு. அச்சின் நான்கு நிறங்களில் சி (சயான், நீலம்), எம் (மஜெந்தா, சிவப்பு), ஒய் (யெல்லோ, மஞ்சள்) மூன்றும் நிறங்களின் பெயர். கறுப்பைக் குறிக்கும் கே மட்டும் கீ, மற்ற பிளேட்டுகளை ஒத்துப் பார்க்கும் முதன்மைப் பிளேட். பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கே மட்டும் கொடுத்தால் வெளிறிய கரும்பலகை போல இருக்கும். கொஞ்சம் நீலமும் மற்றவையும் சேர்த்தால் ஆழம் வரும். அதற்கு ரிச் பிளாக் என்று பெயர்.

எழுத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது. நான் கொடுத்தேன். அதைவிட மோசமாக, ஒத்துப்பார்க்கும் குறிகளுக்கென்று மென்பொருளில் வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தைக் கறுப்பு என்று நினைத்து 96 பக்க நூலின் உடல் எழுத்து முழுவதற்கும் போட்டேன். நான்கு மையும் நூறு நூறு விழுக்காடு, மொத்தம் 400. வழக்கமாக 300க்குச் சற்று மேலே போனாலே அச்சுக்காரர் முகம் சுளிப்பார். நான்கு பிளேட்டும் ஒரு தலைமயிர் அளவு விலகியதும் ஒவ்வோர் எழுத்துக்கும் வானவில் நிழல் விழுந்தது. மை காயாமல், 11ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன செட்-ஆஃப் பக்கத்துக்குப் பக்கம். திரையில் மட்டும் அது எவ்வளவு அழகான கறுப்பு!

மார்ச் 25

பெர்ஃபெக்ட் பைண்டிங் என்று கேட்டு வாங்கிய புத்தகம் பக்கம் பக்கமாக உதிர்கிறதே என்று ஒருவர் பொங்கியிருக்கிறார். அந்தப் பெயரில் நேர்த்திக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. மடித்த ஃபாரங்களின் முதுகைச் சீவி, சொரசொரப்பாக்கி, பசை தடவி அட்டையை ஒட்டுவது அது. நூலால் தைப்பதில்லை. பசையும் சீவலும் சரியாக இருந்தால் நிற்கும். நீடிக்க வேண்டுமானால் தைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஃபாரம் என்றவுடன் நினைவுக்கு வருகிறது. ஒரு தாளை மூன்று முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம்; அதுதான் ஒரு ஃபாரம். அதனால்தான் அச்சகத்தார் 100 பக்கம் என்றால் நெற்றியைச் சுருக்குகிறார்கள். ஆறு ஃபாரம் 96, மிச்சம் 4 பக்கத்துக்குத் தனி வேலை. நானும் இளமையில் ‘அது உங்கள் பிரச்சினை’ என்று சண்டை போட்டவன்தான். இப்போது நானே நான்கு பக்கத்தை வெட்டித்தள்ளுகிறேன். பெரும்பாலும் முன்னுரையில். யாரும் புகார் சொன்னதில்லை.

மார்ச் 26

நடுவில் பின் அடிக்கும் இதழ்களில் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்வதால் உள்பக்கங்கள் வெளியே பிதுங்கும். வெட்டிய பிறகு நடுப்பக்கம் முதல் பக்கத்தைவிடக் குறுகல். அந்தப் பிதுக்கம் கிரீப். பக்க எண்ணை விளிம்பை ஒட்டி வைக்கிறவர்கள் நடுப்பக்கத்தில் அதைத் தேட வேண்டியிருக்கும்.

மார்ச் 29

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, வெர்னியரால் அளந்து அனுப்பியிருக்கிறார். முதல் பதிப்பில் பத்து இலை 1.27 மி.மீ., இரண்டாவதில் 0.98 மி.மீ. கூடவே, இரண்டாம் பதிப்பில் தாளின் பின்பக்க எழுத்து குறைவாகவே ஊடுருவித் தெரிகிறது, படங்கள் தெளிவாக இருக்கின்றன என்றும் முணுமுணுப்பாகச் சேர்த்திருக்கிறார். வழவழப்பான பரப்பில் மை ஊறாமல் மேலேயே நிற்கும், ஆகவே படம் தெளியும். பின்பக்கம் தெரியாமலிருப்பது ஒபாசிட்டி. அது எடை, தடிமன் இரண்டோடும் முழுதாக ஒட்டாத மூன்றாவது குணம்.

மார்ச் 2 அன்று ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் அச்சகத்தாரை விடுவித்தேன். இப்போது அதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். கேட்டவர் ‘பருமனாக’ என்று சொல்லியிருக்கிறார். தாள் பற்றித் தெரிந்தவர் அந்த மேசையில் ஒருவர்தான். 90 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளும் முன், ‘கையில் கனமா, அலமாரியில் தடிமனா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மூன்றாம் பதிப்புக்கு அவர் 80 ஜி.எஸ்.எம்., பல்க் 1.6 என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். கிரெயின் எந்தப் பக்கம் என்று எழுதினீர்களா?

மார்ச் 29, பத்து நிமிடம் கழித்து

எழுதவில்லையாம். போன் செய்யப் போயிருக்கிறார்.